உங்களுக்குத் தெரியுமா? பல்செட்டுக்கு முன் எலும்புக்கும் அரம் உண்டு!

பல்லைப் பிடுங்கியதும் அதைத் தாங்கிய தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. 12 மாதங்களில் அந்த இடத்தின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிடலாம். அதில் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே போய்விடும். வருஷங்கள் போகப்போக மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைதான் அதிகம் தேயும். 'கீழ்செட்தான் நிக்கவே மாட்டேங்குது' என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வது சும்மா இல்லை.

கரைவதும் சீராக நடப்பதில்லை. அங்கங்கே கூர்முனைகள் துருத்தி நிற்கும். அவற்றின்மேல் செட்டை வைத்துக் கடித்தால் இடையில் ஈறு நசுங்கிப் புண்ணாகும். அதனால் பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி விலக்கி, முனைகளைக் குறடு போன்ற கருவியால் நறுக்கி, சின்ன அரத்தால் ராவி, சலைன் விட்டுத் தூளைக் கழுவித் தையல் போடுவார். தையலுக்கு முன் ஈறை மூடி, மேலே விரலால் தடவிப் பார்ப்பார்; எதுவும் நெருடக் கூடாது. பல நேரம், பல் பிடுங்கும் அன்றே இந்த வேலையும் முடிந்துவிடும்.

ஆனால் தாராளமாக ராவிவிட முடியாது. பின்னால் செட்டுக்குப் பதில் தாடையிலேயே பதிக்கும் இம்பிளான்ட் பல் வைப்பதானால், அதன் டைட்டானியம் திருகு பிடித்து நிற்க எலும்பு வேண்டுமே! போதாதவர்களுக்கு வேலை தலைகீழ்: தாடையின் வேறு பகுதியிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எலும்பு எடுத்து வைப்பார்கள். பதப்படுத்திய மாட்டெலும்புத் துகளும் பயன்படுகிறது. அது வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடலாம்.