எறியுளி முதல் ஈட்டித் துப்பாக்கி வரை: நீரடி வேட்டைக் கருவிகளின் வடிவமைப்பு

நெய்தல் திணைப் பாடல்களை ஆராய்ந்தோர் அவற்றில் இரங்கலையும் இரங்கல் நிமித்தத்தையும் விரிவாகக் கண்டுள்ளனர். அத்திணை மாந்தராகிய பரதவர் கையாண்ட கருவிகளைப் பொறியியல் நோக்கில் அணுகும் முயற்சி அந்த அளவுக்கு வளரவில்லை எனலாம். மீன்பிடி வலையைப் பற்றியேனும் சில குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. ஈட்டி கொண்டு மீன் எறியும் முறை பெரும்பாலும் உரையாசிரியர்களின் ஓரிரு சொற்களோடு முடிந்துவிடுகின்றது. இன்று மூச்சடக்கி நீரில் மூழ்கி மீன் வேட்டையாடுவோருக்கென உலகெங்கும் கருவிகள் வடிவமைக்கப்படுகின்றன. அவ்வடிவமைப்பின் அடிப்படைச் சிக்கல்கள் எவை, அவற்றுள் எவற்றைத் தமிழ்க் கடலோர மக்கள் முன்னரே எதிர்கொண்டனர் என்பவற்றை விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

எறிதலும் வாங்குதலும்

குறுந்தொகை 304ஆம் பாடல் கணக்காயன் தத்தனார் பாடியது. அதில் பரதவர் கொம்புடைய மீனை வேட்டையாடப் பயன்படுத்தும் எறியுளியின் அமைப்பு கூறப்படுகின்றது. கூர்மையான இரும்பு முனை, அது பொருத்தப்பட்ட உலர்ந்த மூங்கிற் காம்பு, எறிந்தபின் மீண்டும் இழுக்கும் விசை ஆகிய மூன்றும் அப்பாடலில் உள்ளன. இங்கு ‘வாங்குதல்’ என்னும் சொல்லை நாம் இன்று வழங்கும் பொருளில் கொள்ளலாகாது. வளைத்தல், இழுத்தல் என்பனவே அதன் பழம்பொருள். எறிவது எளிது, எறிந்ததை மீட்டு இழுப்பதே அரிது. புலவர் இவ்விரண்டையும் ஒருசேரச் சொன்னது தற்செயலன்று.

உலோச்சனார் பாடிய அகநானூறு 210ஆம் பாடல் இதனை மேலும் தெளிவாக்குகின்றது. எறியுளி பாய்ந்த பெருமீன் உடனே இறந்துவிடுவதில்லை. குருதி கடலில் கறைபடியப் பாய்ந்து, வானவில்லைப் போல் வளைந்தெழுந்து, அலைகளைக் கலக்கி, இறுதியில் வலிமை குன்றிப் படகு வரிசையின் அருகே வந்து சேர்கின்றது. இயற்கை வருணனையாகவே இதனைப் படித்துப் பழகிவிட்டோம். கருவி வடிவமைப்பாளர் ஒருவர் படித்தால், இதில் அவருடைய முதற்சிக்கலையே காண்பார்: தைத்த முனை கழலாதிருக்க வேண்டும், மீனின் ஆற்றல் கருவியையும் மனிதனையும் சேதப்படுத்தாமல் செலவழிய வேண்டும்.

மலாய் மீனவரிடமும் இத்தகைய கருவிகள் உண்டு. பல முனைகளைக் கொண்ட செரம்பாங், எதிர்முள் கொண்ட தெம்புலிங் என்பன அவை. படகிலிருந்தோ ஆழமற்ற நீரில் நின்றோ இவற்றை எறிவர். நீருக்கு மேலிருந்து எறிவோருக்கு ஒளிவிலகல் ஒரு தடை. மீன் இருக்கும் இடத்தைவிடச் சற்று மேலே தோன்றும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் மீனுக்குக் கீழே குறிவைக்க வேண்டும். பழகிய கை இதனைக் கணக்கின்றியே செய்துவிடும்.

நீருள் இறங்கியோர்

வேட்டுவர் தாமே நீருள் இறங்கும்போது சிக்கல்கள் மாறுகின்றன. இங்கு மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போரையும் சங்கு குளிப்போரையும் நினைவுகூர வேண்டும். அவர்கள் மீனை எய்தவர் அல்லர் எனினும், மூச்சடக்கிக் கடலடியில் வேலை செய்யும் கலையில் நெடிய மரபினர். பினாங்குத் தமிழருக்கு இது தொலைவான செய்தியும் அன்று. ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில் வணிகம் வளர்த்த மரைக்காயர் முதலானோர் புறப்பட்டு வந்த சோழமண்டல, பாண்டியக் கரையூர்களுள் கீழக்கரையும் ஒன்று. முத்தும் சங்கும் அவ்வூரின் பழந்தொழில்கள்.

பழைய முத்துக்குளிப்பில் குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனத்த கல்லின் மீது காலூன்றி விரைவாக இறங்குவார். கீழே சேர்ந்ததும் கல்லை மேலிருப்பவர் இழுத்துக்கொள்வார். இறங்குவதற்குச் செலவாகும் மூச்சைக் கல் மிச்சப்படுத்துகின்றது. அரபு நாட்டுக் குளிப்போர் கொம்பினாலான கவ்வியால் மூக்கை அடைத்துக்கொண்டனர். தமிழ்க் குளிப்போர் விரல்களாலேயே பற்றிக்கொண்டனர். கவ்வி இரு கைகளையும் விடுவிக்கின்றது என்பதைக் கருதினால் அதுவே சிறந்தது எனத் தோன்றும்.

முகக்கண்ணாடியின் கதை சற்று விரிவானது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்காகின்றது. கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்க முனையும். சுருங்க இடமில்லையெனில் கண்ணின் நுண்குழாய்கள் வெடித்துக் குருதி கட்டும். கண்களை மட்டும் மூடும் கண்ணாடியில் இதற்குத் தீர்வில்லை. சப்பானிய ‘அமா’ பெண்டிர் கண்ணாடியோடு சிறு காற்றுப்பைகளை இணைத்து இதனைச் சமாளித்தனர். மூக்கையும் உள்ளடக்கும் முகக்கண்ணாடியில் மூக்கின் வழியே சிறிது காற்றை ஊதிவிட்டால் போதும். ஆயினும் அக்காற்று நுரையீரலிலிருந்து செல்வதாகும். ஆகவேதான் மூச்சடக்கி வேட்டையாடுவோருக்கான கண்ணாடியில் உள்ளிடம் இயன்றவரை குறைவாக இருத்தல் வேண்டும். காற்றுக்கலத்துடன் மூழ்குவோருக்கு இது பெரிய பொருட்டன்று.

காலுக்கான துடுப்பை 1933இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான லூயி டி கோர்லியூ காப்புரிமை செய்தார். மன்னார் வளைகுடாவின் சங்கு குளிப்போர் விலையுயர்ந்த ரப்பர்த் துடுப்புகளுக்குப் பதிலாக அலுமினியத் தகடுகளைக் காலில் கட்டிக்கொண்டு அதே பயனைப் பெற்றனர். தகடு வளையாது, எனவே கணுக்காலுக்கு வருத்தம் அதிகம். வளைந்து நிமிரும் நீண்ட துடுப்பு, உதைத்த ஆற்றலின் ஒரு பகுதியைத் தேக்கி மீண்டும் நீருக்குத் தருகின்றது. எனினும் கையில் கிடைத்த பொருளைக்கொண்டு செய்த அத்தகட்டைக் குறைகூற எனக்கு மனம் ஒப்பவில்லை.

நம் நாட்டுச் சபாவின் கரையோரம் வாழும் பஜாவ் மக்களைக் குறிப்பிடாமல் செல்வதற்கில்லை. கையால் செதுக்கிய மரக் கண்ணாடியும், மரக்கட்டையும் ரப்பரும் கொண்டு தாமே செய்த ஈட்டித் துப்பாக்கியும் பஜாவ் இனத்தாரின் மரபுக் கருவிகள். இந்தோனேசியப் பஜாவ் மக்களின் மண்ணீரல் அண்டை இனத்தாரைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரிது என 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

ஈட்டித் துப்பாக்கியின் அமைப்பு

நீரின் அடர்த்தி காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு. பாயும் பொருளின் மீதான தடை அதன் முகப்புப் பரப்பையும் விரைவின் இருமடியையும் பொறுத்து உயர்கின்றது. எனவே நீருள் எய்யப்படும் தண்டு மெல்லியதாகவும் நீண்டதாகவும் கனமானதாகவும் இருக்க வேண்டியுள்ளது. 7 மில்லிமீட்டர் விட்டமும் 1.3 மீட்டர் நீளமும் கொண்ட எஃகுத் தண்டின் எடை ஏறத்தாழ 390 கிராம். அதே அளவில் மூங்கிலோ மரமோ இருப்பின் நாற்பது கிராம் அளவே தேறும். அது சிறிது தொலைவிலேயே விரைவிழந்து மேலே மிதந்துவிடும். காற்றில் எறிவதற்கு ஏற்றதாய் இருந்த மூங்கிற் காம்பு நீருக்கடியில் பயன்படாமற் போவதன் காரணம் இதுவே. எஃகுத் தண்டு கூட நான்கைந்து மீட்டருக்கு அப்பால் நம்பத்தக்கதன்று.

தண்டை உந்தும் ஆற்றலுக்குச் சுருள்வில், அழுத்தக் காற்று, ரப்பர் வார் என மூவகை வழிகள் உள்ளன. இவற்றுள் ரப்பர் வாரே பெரிதும் நிலைபெற்றது. மார்சேயைச் சேர்ந்த ஜார்ஜ் பூஷா 1947இல் ‘ஆர்பலேட்’ என்னும் துப்பாக்கியை அறிமுகப்படுத்தினார். அச்சொல்லுக்குக் குறுக்குவில் என்று பொருள். அக்காலத்தில் இயற்கை ரப்பர் உற்பத்தியில் உலகின் முன்வரிசையில் நின்றது மலாயா. பால்மரக் காட்டில் வளர்ந்த சிறுவர்கள் கவைக்கொம்பில் ரப்பரைக் கட்டி ‘லாஸ்திக்’ செய்தபோது கையாண்ட தத்துவமும் ஆர்பலேட்டின் தத்துவமும் ஒன்றுதான். வாரை அதன் இயல்பு நீளத்தைப்போல் மூன்று முதல் மூன்றரை மடங்கு வரை இழுத்து மாட்டுவர். அதற்கு மேல் இழுத்தால் இழுப்பவரின் உழைப்பு பெருகுமேயன்றி வாரின் ஆயுள் குறையும். வெயிலும் ரப்பருக்குப் பகை. வெடிப்பு கண்ட வாரை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது மிதப்புச் சமநிலை. இதில்தான் வடிவமைப்பாளரின் திறம் வெளிப்படுகின்றது. துப்பாக்கி மூழ்கினால் கையைக் கீழே இழுக்கும். மிதந்தால் முனை மேலெழும். ஒரு கணக்கைப் பார்ப்போம். 1.2 மீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள மரச்சட்டத்தின் கன அளவு 1,920 கன சென்டிமீட்டர். அது விலக்கும் கடல்நீரின் எடை ஏறக்குறைய 1,970 கிராம். தேக்காயின் சட்டத்தின் எடை சுமார் 1,250 கிராம். ஆக 720 கிராம் அளவுக்கு மேல்நோக்கிய உந்துதல் கிடைக்கின்றது. நீருக்குள் எஃகுத் தண்டின் எடை 340 கிராம், விசையமைப்பின் எடை 150 கிராம் எனக் கொண்டால், மிஞ்சும் மிதப்பு 230 கிராம். சட்டத்தைச் சற்று மெலிவித்தோ சிறிது ஈயம் பதித்தோ இதனைச் சரிசெய்யலாம். இதே சட்டத்தைக் கிழக்குக் கரைப் படகுகளுக்குப் புகழ்பெற்ற செங்கால் மரத்தில் செய்தால் மரமே 1,800 கிராமுக்கு மேல் நிறுக்கும். துப்பாக்கி 350 கிராம் அளவில் மூழ்கும். வலிமையான மரமே சிறந்த மரம் என்னும் எண்ணம் இங்குப் பொய்த்துப்போகின்றது.

ஆனால் சட்டத்தை மிகவும் மெலிவித்தலும் ஆகாது. தண்டு முன்னே பாயும்போது சட்டம் பின்னே உதைக்கின்றது. சட்டம் இலேசாயின் உதை கூடி முனை உயர, குறி தப்பும். மிதக்கவும் வேண்டும், பொருண்மையும் வேண்டும் என்னும் முரணுக்கு விடை காண்பதால்தான் மரம் இன்றும் இத்தொழிலில் நீங்காமல் இருக்கின்றது. ஒரே கட்டையாக அன்றி, இழையோட்டம் மாறிமாறி அமையுமாறு பட்டைகளை ஒட்டிச் சட்டம் செய்வர். இல்லையெனில் நீரிலும் வெயிலிலும் அது முறுக்கிக்கொள்ளும்.

தண்டின் முனையில் மடிந்து விரியும் எதிர்முள் இருக்கும். மீனுள் நுழையும்போது ஒட்டிக்கொண்டும், பின்னிழுக்கும்போது விரிந்தும் அது பிடித்துக்கொள்ளும். பெருமீனுக்கு இதுவும் போதாது. உள்ளே சென்றதும் தண்டிலிருந்து கழன்று குறுக்காகத் திரும்பும் முனை அதற்கு வேண்டும். திமிங்கில வேட்டைக்கு அத்தகைய திரும்புமுனையை 1848இல் அமெரிக்காவின் நியூ பெட்போர்டில் செய்தளித்தவர் லூயிஸ் டெம்பிள் என்னும் கறுப்பினக் கொல்லர். முனையிலிருந்து செல்லும் கயிறு வேட்டுவரின் உடலில் கட்டப்படலாகாது. நீர்மேல் மிதக்கும் மிதவையோடு இணைக்கப்பட வேண்டும். உலோச்சனாரின் பெருமீனைப் போலவே இம்மீனும் மிதவையை இழுத்து இழுத்து ஓய்ந்துபோகும். மனிதன் மேலே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கலாம். மீனோடு போராடியவாறே மூச்சை நீட்டிப்போர் மேலேறும் இறுதி மீட்டர்களில் நினைவிழக்கின்றனர். மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்துவிடும் பழக்கம் இவ்வாபத்தைக் கூட்டுகின்றது. அது கரியமில வாயுவைக் குறைத்து, மூச்சுவிடத் தூண்டும் உணர்வை மழுங்கச் செய்கின்றது. ஆகவே இருவராகச் செல்லுதலும், ஒருவர் மூழ்க மற்றவர் மேலே காத்தலும் கருவியின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

பினாங்குக் கடலும் கருவியும்

துப்பாக்கியின் நீளத்தை நிர்ணயிப்பது வாங்குவோரின் விருப்பமன்று. நீரின் தெளிவே ஆகும். தெலுக் பகாங், முக்கா ஹெட் பகுதிகளில் சேறு கலந்த நீர். நீட்டிய கைக்குச் சற்று அப்பால் எதுவும் தெரியாத நாள்கள் பல. அங்கு நீண்ட துப்பாக்கியை ஏந்துபவருக்கு அதன் முனையே தெரியாது. அறுபது, எழுபது சென்டிமீட்டர்க் குறுந்துப்பாக்கியோ, ரப்பர் வளையம் கட்டிய கைக்கம்போதான் அந்நீருக்கு ஏற்றது. ஆனால் நான்கு மீட்டர் பாயும் தண்டை இரண்டு மீட்டர் மட்டும் தெரியும் நீரில் எய்வது, யாரை எய்கிறோம் என அறியாமல் எய்வதாகும். மீனுக்குப் பின்னால் மற்றொரு மனிதர் இருக்கக்கூடும்.

தெளிந்த நீரை நாடுவோர் வடக்கே கெடாவைச் சேர்ந்த பாயார் தீவுக்குச் செல்கின்றனர். அது கடல் பூங்கா. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி அங்கு அனுமதியின்றி மீன்பிடித்தல் குற்றமாகும்; தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் வரை அத்தடை நீள்கின்றது. பிற இடங்களிலும் கருவிக்கு உரிமம் வேண்டுமா என்பதை மீன்வளத் துறையிடம் கேட்டறிந்த பின்னரே நீரில் இறங்குதல் முறை.

முகக்கண்ணாடி வழியே நோக்குகையில் பொருள்கள் முக்கால் தொலைவில், மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தோன்றும். நான்கு மீட்டரில் உள்ள மீன் மூன்று மீட்டரில் இருப்பதாகவும், 30 சென்டிமீட்டர் மீன் 40 சென்டிமீட்டராகவும் தெரியும். பழகாதவர் எட்டாத மீனை எய்து காயப்படுத்தி இழப்பதும், சிறிய மீனைப் பெரிதென எண்ணிக் கொல்வதும் இதனாலேயே. வலை கண்ணுக்கு அகப்படாததையும் வாரிவிடும். ஈட்டி தேர்ந்தெடுக்கும் என்பது வேட்டுவர் கூறும் பெருமை. அப்பெருமை முற்றிலும் பொய்யன்று. எனினும் பாறையிடுக்கில் அசையாமல் நிற்கும் களவாய் மீனை, மலாய்க்காரர் கெராப்பு என்பதனை, எய்வது எளிது. அதன் இனங்கள் பலவும் பெண்ணாய் வளர்ந்து பின்னரே ஆணாய் மாறுவன. ஆகையால் ஒரு பாறைத் திட்டின் மிகப்பெரிய மீனைத் தேர்ந்தெடுத்து எய்பவர், பெரும்பாலும் அத்திட்டின் ஆண்மீனைத்தான் எடுத்துச் செல்கின்றார்.