அழுத்திப் பேசு, விட்டுக் கேள்

இலங்கை வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் மிக்ஸியைப் போடுவார்கள். அவ்வளவுதான், பாட்டு போய் 'கர்ர்ர்' என்ற இரைச்சல் மட்டும் மிஞ்சும். "அக்கா, இந்தப் பாட்டு மட்டும் முடியட்டுமே, அப்புறம் அரைச்சுக்குங்க" என்று மதிலுக்கு மேல் கெஞ்சியது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த அக்கா ஒருநாளும் நிறுத்தியதில்லை. சட்னிக்கு முன்னால் பாட்டு எம்மாத்திரம்!

இரைச்சலுக்குக் காரணம் மிக்ஸி மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ். சுழலும் ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளை உரசிக்கொண்டே அது மின்சாரம் கொடுக்கிறது. ஒரு பட்டையை விட்டு அடுத்த பட்டையைத் தொடும்போதெல்லாம் நீல நிறத்தில் பொடிப்பொடியாகப் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். சுவரில் ஓட்டை போடும் டிரில்லிங் மிஷினுக்குள் இருப்பதும் இதே வகை மோட்டார்தான்.

விமானம் முதன்முதலில் தரைக்குச் செய்தி அனுப்பியதும் இப்படியொரு பொறியால்தான். 1910 ஆகஸ்ட் 27. நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே குதிரைப் பந்தய மைதானம். கனடாக்காரரான ஜேம்ஸ் மெக்கர்டி மரச்சட்டமும் துணியுமான ஒரு விமானத்தில் ஏறினார். தந்தி அடிக்கும் பொத்தானை அவருடைய ஸ்டியரிங்கிலேயே பொருத்தியிருந்தார்கள். கையை எடுத்தால் விமானம் கவிழும் என்ற நிலையில் வேறு எங்கே வைப்பது? பறந்துகொண்டே அவர் மோர்ஸில் அடித்ததைக் கீழே இருந்தவர்கள் கேட்டார்கள்.

ஒரு கையால் பிடித்துக்கொண்டே, அதே கையின் விரலால் மின்சாரத்தை விடுவது, நிறுத்துவது. மெக்கர்டிக்கு இருந்த இந்தத் தேவை தரையில் ஓட்டை போடுகிறவனுக்கும் இருந்தது. இரண்டு தொழில்களும் ஒன்றையொன்று அறியாமலேயே ஏறக்குறைய ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன.

கையில் பிடிக்கும் மின்சார டிரில்லை 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனம் செய்தது. ஆனால் அது இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சைக் கொடுத்து அழுத்த வேண்டிய பாரமான யந்திரம். கையில் துப்பாக்கி போல உட்காரும் டிரில்லுக்கு இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று. அமெரிக்காவின் பால்டிமோரில் டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்ற இரண்டு இளைஞர்கள் 1910-ல் 1,200 டாலர் முதலோடு ஒரு பட்டறை திறந்தார்கள். பிளாக் தன் பழைய காரை 600 டாலருக்கு விற்றுப் போட்ட பணமும் அதில் உண்டு. டிரில்லுக்குப் பிடி எப்படி இருக்க வேண்டும் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவர்களுக்குக் கோல்ட் கைத்துப்பாக்கி வழி காட்டியது. பிடியை உள்ளங்கை பற்றும். ஆள்காட்டி விரல் விசையின் மேல் கிடக்கும். 1914-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1917-ல் பெற்றார்கள்.

அந்த டிரில்லில் நேர்மின்சாரத்திலும் மாறுமின்சாரத்திலும் ஓடும் மோட்டார் இருந்தது. ஊருக்கு ஒரு மின்சாரம் என்றிருந்த காலத்தில் அது பெரிய வசதி. ஆனாலும் என்னைக் கேட்டால், அந்தக் காப்புரிமையின் உயிர் மோட்டாரில் இல்லை, விசையில் இருக்கிறது. சுவிட்ச் எங்கோ சுவரில் இருந்தால் மிஷின் தன் பாட்டுக்கு ஓடும், மனிதன் அதைத் துரத்துவான். விரலுக்கடியில் வந்ததும் மிஷின் கையின் உறுப்பாகிவிட்டது. விரலை எடுத்தால் நிற்கும். பிட் கம்பியில் மாட்டி, டிரில் நம் மணிக்கட்டையே திருகப் பார்க்கும் அந்த அரை விநாடியில் விரல் தானாக விடும். அதுதான் காப்பாற்றும்.

அதனால்தான் டிரில்லின் பிடியோரம் இருக்கும் லாக் பொத்தானைக் கண்டால் எனக்கு ஆகாது. விரல் வலிக்கக் கூடாதென்று வைத்தார்கள், சரி. ஏணியின் மேல் நின்று கான்கிரீட்டைக் குடைகிறவர் அதை அழுத்திப் பூட்டிவிட்டால், அந்த அரை விநாடி அவருக்குக் கிடைக்காது.

முதல் டிரில் வீட்டுக்கானதல்ல. கார் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் வாங்கின. இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தொழிற்சாலைகளில் டிரில் ஓயாமல் ஓடியது. பி-24 குண்டுவீச்சு விமானம் ஒன்றுக்கு மட்டும் 3 லட்சத்துக்கு மேல் ரிவெட். ரிவெட்டுக்கெல்லாம் ஓட்டை வேண்டுமே! மின் டிரில்லும் காற்றழுத்த டிரில்லும் கையுமாக நின்றவர்களில் பெண்கள் ஏராளம். அந்தக் காலத்தில் டிரில்கள் தொழிற்சாலையிலிருந்து காணாமல் போயினவாம். விசாரித்தால், தொழிலாளர்கள் வீட்டில் அலமாரி மாட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள். திருட்டென்று போலீஸுக்குப் போகாமல், இதில் வியாபாரம் இருக்கிறது என்று பிளாக்கும் டெக்கரும் கண்டுகொண்டதுதான் கெட்டிக்காரத்தனம். 1946-ல் 16.95 டாலருக்கு வீட்டு டிரில் கடைக்கு வந்தது.

பேட்டரி டிரில் நிலவுக்காக நாசா கண்டுபிடித்தது என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வரும். நம்ப வேண்டாம். பிளாக் அண்ட் டெக்கர் 1961-லேயே அதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நிலவுக்கான டிரில் வேலை பிறகுதான் அதனிடம் வந்தது. 1971-ல் அப்போலோ 15-ல் போன டேவிட் ஸ்காட் நிலவில் சுமார் 2.4 மீட்டர் ஆழம் குடைந்தார். குடைந்த குழாய் வெளியே வர மறுத்தது. அவரும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து தம் பிடித்து இழுத்து எடுத்தார்கள். போர் போடுகிறவர்களுக்குத் தெரியும், இறக்குவது சுலபம், ஏற்றுவதுதான் பாடு.

விமானத்தின் பக்கம் வருவோம். பொறி ரேடியோவில் மோர்ஸ் அடிக்கலாம், பேச முடியாது. வால்வுகள் வந்தபிறகுதான் குரல் வானேறியது. 1920-களில் லண்டனின் குரோய்டன் விமான நிலையத்துக்கும் பாரிஸின் லெ பூர்ஜேவுக்கும் இடையே விமானங்கள் தொடர்ந்து பறந்தன. குரோய்டனில் ரேடியோ அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்டிடம், ஆபத்து என்று சொல்ல ஒரு சொல் வேண்டும் என்றார்கள். எஸ்.ஓ.எஸ். இருந்ததே என்றால், இரைச்சலில் 'எஸ்' என்ற எழுத்து காதில் விழாது. பாரிஸ்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்று, 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சு ஒலியை ஒட்டி 'மேடே' என்றார் மாக்ஃபோர்டு. அது 1923. நான்கே ஆண்டில், 1927-ல், உலகம் அதை ஏற்றது.

விமானிகளின் ரேடியோவில் ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்தினால் பேசலாம், அப்போது கேட்காது. விட்டால் கேட்கலாம், பேச முடியாது. ஏர்பஸ் விமானத்தில் விமானியின் பக்கவாட்டில் இருக்கும் கட்டுப்பாட்டுக் குச்சியைப் பாருங்கள். பேசும் பொத்தான் ஆள்காட்டி விரலுக்கடியில், துப்பாக்கி விசையாகவே இருக்கிறது. பால்டிமோர் டிரில்லை எடுத்துப் பழகியவருக்கு அந்தப் பிடி அந்நியமாக இருக்காது.

அந்த அலைவரிசைகள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, நம் எஃப்.எம். நிலையங்களுக்குச் சற்று மேலே. ஆனால் பேச்சு ஏ.எம். முறையில். உலகமே எஃப்.எம்.முக்குப் போன பிறகும், மிக்ஸிக்குப் பயந்த இலங்கை வானொலியின் அந்தப் பழைய முறையில் விமானங்கள் ஏன் நிற்கின்றன? எல்லா நாட்டு விமானங்களின் ரேடியோவையும் மாற்றுவது நடக்கிற காரியமா என்பது ஒரு பதில். இன்னொன்று சுவையானது. எஃப்.எம்.மில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் வலுத்த குரல் மெலிந்த குரலை அப்படியே விழுங்கிவிடும். வேறொருவர் பேசியதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதிக் காதைக் கிழிக்கும் ஊளையாக வரும். சொன்னது புரியாது, ஆனால் யாரோ இடையில் பேசினார் என்பது தெரியும். திரும்பக் கேட்கலாம்.

கேட்டால்தான். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃபே தீவு, லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். கே.எல்.எம். விமானம் ஒரு முனையிலிருந்து கிளம்பத் துடிக்கிறது. பான் ஆம் விமானம் அதே பாதையில் எதிரே மெதுவாக நகர்ந்து வருகிறது. கோபுரத்திலிருந்த கன்ட்ரோலர் கே.எல்.எம்.முக்கு "ஓகே" என்று சொல்லிச் சற்று நிறுத்தி, நான் சொல்லும் வரை காத்திருங்கள் என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானி பதறிப்போய், நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து பொத்தானை அழுத்தியதால், கே.எல்.எம். அறையில் தெளிவாக விழுந்தது "ஓகே" மட்டுமே. மிச்சமெல்லாம் சுமார் மூன்று விநாடி ஊளை. பான் ஆம் விலகிவிட்டதா என்று அந்த அறையிலேயே ஃபிளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்றார் கேப்டன். செத்தவர்கள் 583 பேர்.

ஊளை எச்சரித்தது. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள ஆளில்லை. அதற்குப் பிறகுதான் வார்த்தைகளை இறுக்கிக் கட்டினார்கள். 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்க வேண்டும். மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும். ஒரு 'ஓகே'யை நம்பி எதுவும் நகரக் கூடாது.

இன்று வங்காள விரிகுடாவின் மேல் பறக்கும் விமானம் சென்னைக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் செயற்கைக்கோள் வழியே தட்டச்சில் செய்தி அனுப்ப முடியும். இரைச்சல் இல்லை, ஊளை இல்லை. புதிய டிரில்கள் பலவற்றிலும் பிரஷ் இல்லாத மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வந்து, பொறி பறப்பது நின்றுபோனது. கார்பன் தேய்ந்துவிட்டது என்று ரிப்பேர் கடைக்கு அலையும் வேலையும் மிச்சம். விசை மட்டும் இரண்டு இடத்திலும் விரலுக்கடியில் அப்படியே இருக்கிறது. எஞ்சின் அணைந்த விமானத்தின் விமானி தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டார். அந்த விசையை அழுத்தி, அப்போது பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே, ஏ.எம்.மில், மூன்று முறை 'மேடே' என்றுதான் சொல்வார்.