முகத்துக் கருமையும் அதனை மாற்றும் முயற்சிகளும்

மனித உடலின் மிகப் பெரிய உறுப்புகளுள் ஒன்று தோல். அத்தோலினும் பிறர் கண்ணுக்கு முதலிற் புலனாவது முகத்துத் தோலே. காலிலே ஒரு தழும்பு பல்லாண்டு கிடப்பினும் அதனைப் பொருட்படுத்தாத ஒருவர், கன்னத்தில் மிளகளவு கரும்புள்ளி ஒன்று தோன்றியதும் கண்ணாடியை நாள்தோறும் பலமுறை நாடுகின்றார். அயல்வீட்டார் தேசிக்காய் பூசச் சொல்கின்றனர். உறவினர் ஒருவர் பெயரும் முகவரியும் இல்லாத வெண்களிம்பு ஒன்றைச் சிறு டப்பாவில் இட்டுத் தருகின்றார். திருமணம் பேசப்படும் வீடாயின் இவ்வுபசாரங்களுக்கு எல்லையே இல்லை. இவற்றுள் எவை பயன் தருவன, எவை பயனும் தீங்கும் இல்லாதன, எவை உயிர்க்கே ஊறு செய்வன என்பதை மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். அதற்கு முன்னர் இக்கருமை எங்ஙனம் உண்டாகின்றது என்பதைச் சிறிது நோக்குவாம்.

மேற்றோலின் அடித்தட்டிலே மெலனோசைற்று எனப்படும் நிறக்கலங்கள் பரந்து கிடக்கின்றன. இவற்றினுள்ளே, செம்பு சேர்ந்த தைரோசினேசு என்னும் நொதியம், தைரோசீன் என்னும் அமினோவமிலத்தைப் படிப்படியாக மெலனின் என்னும் கரிய நிறப்பொருளாக மாற்றுகின்றது. உண்டான மெலனின் நுண்ணிய மணிகளிற் பொதியப்பெற்று, நிறக்கலத்தின் கிளைகள் வழியாகச் சூழவுள்ள தோற்கலங்களுக்கு வழங்கப்படுகின்றது. ஒரு நிறக்கலம் ஏறத்தாழ 36 தோற்கலங்களுக்கு இவ்வாறு நிறமளிக்கின்றது எனக் கணித்துள்ளனர். அம்மணிகள் கலத்தின் கருவுக்குமேற் குடை பிடித்தாற்போலத் திரண்டு நின்று, ஞாயிற்றின் புறவூதாக் கதிர்களைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. ஆங்கிலேயர் தோலிலும் எம்மவர் தோலிலும் நிறக்கலங்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே. மணிகளின் பருமனும் அவை சிதையாது நிற்கும் காலமுமே வேறுபடுகின்றன. வெண்ணிறத்தார்க்கு வெயிலால் வரும் தோற்புற்று எம்மவர்க்கு அரிதாயிருத்தற்கு இம்மணிகளே முதற்காரணம் என்பதை, நிறத்தைக் குறையாகப் பேசுவோர் நினைவிற் கொள்வாராக.

ஓரிடத்து நிறக்கலங்கள் தூண்டப்பெற்று மிகுதியான மெலனினைச் சுரந்தால் அவ்விடம் கருக்கின்றது. தூண்டுவன பல. முகப்பரு, கொப்புளம், சிரங்கு முதலியன ஆறியபின் நிற்கும் கருமை ஒரு வகை. பருவினைக் கிள்ளுந்தோறும் இது மிகும். கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் இருபாலும் ஒத்துப் படர்கின்ற கபில நிறத் திட்டு மற்றொரு வகை. இதனையே எம்மவர் மங்கு என்பர். கருப்பமுற்ற காலத்திலும், கருத்தடைக் குளிசை உட்கொள்ளும் காலத்திலும் ஓமோன்களின் மாற்றத்தினால் இது தோன்றுகின்றது. குடும்பவழியும் உண்டு; வெயில் இதனை வளர்க்கும். இவையன்றி, தலைமயிர்ச் சாயத்தினாலும், மலிவான செயற்கைச் சாயம் கலந்த குங்குமத்தினாலும் ஒவ்வாமையுற்றுத் தோல் கருத்தலும் உண்டு. நெற்றியில் மட்டும் அல்லது காதோரத்தில் மட்டும் கருமை காணப்படின், களிம்பு தேடுமுன்னர் அவ்விடத்திற் பூசுவது யாதென ஆராய்தல் நன்று. காரணம் நீங்காதவிடத்து மருந்து பயன்படாது.

காரணத்தைப் போலவே ஆழமும் கருதத்தக்கது. மெலனின் மேற்றோலில் மட்டும் தங்கின், அத்தோல் உதிர்ந்து புதுத்தோல் வருந்தோறும் நிறமும் குறையும். மேற்றோல் இங்ஙனம் புதுப்பிக்கப்படுதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். மெலனின் கீழே உட்டோலில் இறங்கிவிடின் அதனை அகற்றுதல் மிக அரிது. அங்ஙனமான திட்டுகள் சாம்பல் அல்லது நீலம் கலந்த கருமையாகத் தோன்றும். மெலனின் கழிதலின் இக்கால அளவு, வியாபாரிகளின் வாக்கினை அளத்தற்கு ஏற்ற அளவுகோலாகும். ஏழு நாளில் முகம் வெளுக்கும் என ஒருவர் உறுதி கூறுவாராயின், அக்களிம்பினுள் ஏதோ வன்மருந்து இருத்தல் வேண்டும் என ஐயுறுதல் தகும்.

இனி வீட்டு வைத்தியங்களை நோக்குவாம். இவற்றுள் முதலிடம் பெறுவது தேசிக்காய். அதன் புளிப்புக்குக் காரணமான சித்திரிக்கமிலம் கறையை நீக்குவதுபோலத் தோலின் கருமையையும் நீக்கும் என்பது மக்கள் எண்ணம். துணியிற் படிந்த கறையும் உயிருள்ள தோலினுள்ளே சுரக்கின்ற நிறமும் ஒன்றல்ல. அச்சாறு தோலை எரிக்கும் அளவுக்கு அமிலத்தன்மை உடையது. அதனினும் தீயது, தேசிக்காயில், சிறப்பாக அதன் தோலில், அடங்கியுள்ள பியூரோகூமரின் என்னும் சேர்வைகள். இவை உடம்பிற் பட்டபின் வெயில் படுமாயின், புறவூதாக் கதிரினால் நஞ்சுத்தன்மை பெற்றுத் தோலைப் பொசுக்கும். சிவப்பும் கொப்புளமும் உடனே தோன்றாது, ஒன்று முதல் மூன்று நாளுட் பெருகும். அவை ஆறியபின் முன்னையதினும் மிக்க கருமை பல வாரம், சிலவேளை பல மாதம், நிலைக்கும். எமது கல்லூரியில் ஓராண்டு இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முதல்நாள் முகத்திற் றேசிக்காய் தேய்த்துக்கொண்டு, மறுநாள் முழுதும் மைதானத்தில் நின்ற மாணவன் ஒருவனை யான் கண்டிருக்கின்றேன். சாறு வழிந்த வழியெல்லாம் கன்னத்திற் கரிய கோடுகள் எழுந்திருந்தன. அவை மறைய அடுத்த தவணையும் கழிந்தது. அவன் தேய்த்தது பரு ஒன்றின் சிறு வடுவை நீக்குதற்கே என்பது இரங்கத்தக்கது.

மஞ்சளின் செய்தி வேறு. அதிலுள்ள குர்க்குமின் அழற்சியைத் தணிக்கும் இயல்பினது என ஆய்வுகூடத்திற் கண்டுள்ளனர். ஆயின் அரைத்துப் பூசும் மஞ்சள் கருந்திட்டினை அகற்றும் என்பதற்கு உறுதியான சான்று குறைவு. அதன் பொன்னிறம் தோலிற் படிதலினாற் கருமை சிறிது மறைந்தாற்போலத் தோன்றும். சந்தனமும் குளிர்ச்சி தருவதன்றி நிறத்தை மாற்றுவதில்லை. தயிரில் இலற்றிக்கமிலம் உண்டு. தோல்வைத்தியர் பயன்படுத்தும் இலற்றிக்கமிலக் கரைசலின் செறிவோடு ஒப்பிடின் தயிரின் செறிவு மிகச் சிறிது. தீங்கில்லை, பெரும்பயனும் இல்லை. பற்பசை, அப்பச்சோடா என்பவற்றை முகத்திற் பூசுதல் அறியாமையே. அவை தோலைப் புண்படுத்த, புண்ணின் பயனாகக் கருமை மிகும். அதிமதுரம் இவ்வரிசையில் விதிவிலக்காகும். அதன் வேரிலுள்ள கிளாபிரிடின் என்னும் பொருள் தைரோசினேசு நொதியத்தைத் தடுக்கும் ஆற்றலுடையது என்பது அறியப்பட்டுள்ளது. ஆயினும் கடையில் வாங்கி இடித்த தூளில் அது எவ்வளவு உண்டு, தோலினுட் செல்வது எவ்வளவு என்பன வேறு வினாக்கள். சிங்களவர் வெனிவெல் என வழங்கும் மரமஞ்சளை எமது நாட்டுக் களிம்புகள் பலவற்றின் உறையிற் காணலாம். உறையிற் பெயர் இருத்தலும் களிம்பில் வேண்டிய அளவு இருத்தலும் ஒன்றாகா.

களிம்புகளுள் நெடுங்காலம் தலைமை வகித்தது ஐதரோகுயினோன். இதன் வரலாறு சுவையானது. 1936ஆம் ஆண்டிலே கரிய பூனைகளுக்கு இதனை உணவிற் கொடுத்தபோது அவற்றின் மயிர் நரைத்ததை ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டார். 1939இல், அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் இறப்பர்க் கையுறை அணிந்த தொழிலாளரின் கைகள் வெளுத்தமை வெளியாயிற்று. இறப்பர் கெடாதிருத்தற்கு அதனுடன் சேர்த்திருந்த, ஐதரோகுயினோனின் உறவுப்பொருள் ஒன்றே அதற்குக் காரணமாயிற்று. எமது பெண்கள் நெற்றியில் ஒட்டும் பொட்டின் பசையிலும் இவ்வினத்தைச் சார்ந்த பினோற் சேர்வை ஒன்று சிலவேளை இருத்தலினால், பொட்டு வைத்த இடம் வட்டமாக வெளுத்தல் உண்டு. 1960களில் ஐதரோகுயினோன் முகக் களிம்பாக மருத்துவத்திற் புகுந்தது. அது தைரோசீனைப் போல நடித்துத் தைரோசினேசை ஏமாற்றி மெலனின் ஆக்கத்தைக் குறைக்கின்றது. வைத்தியர் மேற்பார்வையில், குறித்த செறிவில், சில மாதம் மட்டும் பயன்படுத்துவோர்க்கு இன்றும் இது நல்ல மருந்தே.

தீங்கு நேர்ந்தது அளவிறந்து பூசியமையினால். 1975ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவிலே வன்செறிவுள்ள ஐதரோகுயினோன் களிம்புகளை ஆண்டுக்கணக்கிற் பூசிய பெண்களின் கன்னங்கள் நீலங்கலந்த கருநிறமாகித் தடித்தமையை மருத்துவர் விளக்கி எழுதினர். ஒக்குரோனோசிசு எனப்படும் அந்நிலை மாறுவது மிக அரிது. களிம்பினாலேயே கருத்தது என அறியாத அப்பெண்கள், கருமை கண்டு மேலும் மிகுதியாகக் களிம்பினைப் பூசினர் என்பதே இதன் கொடுமை. நிறவேற்றுமையைச் சட்டமாக்கியிருந்த ஒரு நாட்டிலே வெண்மையை விலைகொடுத்து வாங்க முயன்றவர்களின் கதை இது. அந்நாடு 1990இல் இதனை அழகுப்பொருள்களிலிருந்து விலக்கிற்று. அமெரிக்காவிலோ 2020 முதல் வைத்தியர் சீட்டின்றி இதனை விற்றல் கூடாது.

கோட்டிசோன் இனத்து மருந்துகள் பிறிதொரு தொல்லை. பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்பன எக்சிமா முதலிய நோய்களுக்கு உரியன. குருதிக் குழாய்களைச் சுருக்கி அழற்சியை அடக்குதலினால் முகம் சில நாளில் வெளுத்து மினுங்கும். இரகசியமாகக் கலந்து விற்கப்படும் களிம்புகளின் புகழ் இம்மினுக்கத்தில் நிற்கின்றது. மாதங்கள் செல்லத் தோல் மெலிந்து, சிவந்த நரம்புபோலும் குழாய்கள் வெளித்தோன்றிப் பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். அவ்வெரிவுக்கு அஞ்சி மீண்டும் பூசுவர். கள்ளுக்கு அடிமையானவன் நிலையும் ஏறத்தாழ இதுவேயன்றோ? இதிலிருந்து விடுபடுதற்குத் தோல்வைத்தியரின் துணை வேண்டும்.

இவ்விரண்டினும் கொடியது இரசம். இரச உப்புகள் தைரோசினேசு நொதியத்தை முடக்குதலினால் விரைவில் வெளுப்புத் தரும்; அதே இரசம் தோல்வழியே குருதியிற் கலந்து சிறுநீரகத்திற் றங்கும். 1972இல் கெனியாவின் நைரோபி நகரிற் சிறுநீரிற் புரதம் ஒழுகி உடல் வீங்கும் நோயாளர் பலர் வெளுப்புக் களிம்பு பூசியவர் என்பது வெளியாயிற்று. அது தொலைநாட்டுக் கதை எனத் தள்ளற்க. கேரளத்துக் கோட்டக்கலில் 2021 முதல் 2023 வரை, சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு பழுதுற்ற 22 பேரை வைத்தியர் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அரிதான ஒரு வகைப் பழுது காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் முக வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். களிம்பினை நிறுத்தியபின் பெரும்பாலார் தேறினர். தாயின் முகத்தையும் துவாயையும் தொடும் குழந்தைக்கும் இந்நஞ்சு செல்லுதல் கூடும். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், கைநடுக்கம், உறக்கமின்மை என்பன எச்சரிக்கைக் குறிகள். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாற்றா உடன்படிக்கை இரசம் சேர்ந்த அழகுப்பொருள்களை விலக்கியுள்ளது; ஆயினும் உறையின்றி வரும் டப்பாக்கள் உடன்படிக்கைகளை அறியா. உறை உள்ளவற்றிற் கலோமல் என்றோ, இரசத்தின் ஆங்கிலப் பெயராகிய மேக்குயூரி என்பது வரும் வேறு சொல்லோ காணப்படின் விலக்குக. தங்கம், வெள்ளி, அலுமினியம் என்பவற்றிற் படாமற் காக்க என ஒரு களிம்பின் குறிப்பிற் கண்டாலும் அங்ஙனமே செய்க. இரசம் பொன்னுடன் கூடி அதனைக் கெடுக்கும். மணமகளின் தாலிக்கொடிக்கு ஆகாதது அவள் கன்னத்திற்கு ஆகுமோ?

அவ்வாறாயிற் செய்யத்தக்கது யாது? முதலாவது வெயிற்காப்பு. இஃதின்றி எம்மருந்தும் நிலையான பயன் தராது. குடை, அகன்ற தொப்பி என்பன செலவில்லாத காப்புகள். வெயிற்காப்புக் களிம்பு பூசுவோர் பெரும்பாலும் வேண்டிய அளவிற் பாதியும் பூசுவதில்லை. புறவூதாக் கதிருள் ஒரு பகுதி யன்னற் கண்ணாடியினூடும் வருதலின் பேருந்திற் செல்வோரும் விலக்கல்லர். அன்றியும், எம்மவர் போன்ற கருநிறத்தோலில் கட்புலனாகும் ஒளியும் மங்கினை வளர்க்கும் என அறிந்துள்ளனர். அதனைத் தடுப்பது இரும்பொட்சைட்டுச் சேர்ந்த, மண்ணிறம் தோய்ந்த களிம்பு வகை. இதற்கு மேல், அசலேயிக்கமிலம் 20 வீதக் களிம்பு மெல்ல வேலை செய்யும் நல்ல மருந்து; கருப்பிணிகளுக்கும் இதனை வைத்தியர் கொடுப்பதுண்டு. விற்றமின் பீ3 ஆகிய நயசினமைட்டு, நிறமணிகள் தோற்கலத்திற்குச் செல்லுதலைக் குறைக்கும். திரெத்தினோயின் தோல் புதுப்பித்தலை விரைவாக்கும். கருப்பமுற்றோர் இதனைத் தீண்டலாகாது. எதனையும் மூன்று மாதமேனும் பூசிப் பார்த்தே மதிப்பிடுதல் முறை. கருப்பத்தில் தோன்றிய மங்கு மகப்பேற்றின்பின் சில மாதத்திற் றானே குறைதலும் உண்டாதலின், அக்காலத்திற் பொறுத்திருத்தலும் ஒரு வைத்தியமே.

முகத்தை விட்டுக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெற்றுப்போலத் தடித்துக் கருத்தல் வேறு செய்தி. அதனை அழுக்கென எண்ணிப் பிள்ளைகளைத் தும்புகொண்டு தேய்க்கும் தாய்மார் பலர். இன்சுலின் சரிவரத் தொழிற்படாமையின் குறியாக அது தோன்றுதல் உண்டு. உடற்பருமன் உள்ள பிள்ளையாயின் ஐயம் மிகும். அப்பிள்ளையை அழைத்துச் செல்லவேண்டிய இடம் இரத்தத்திற் சர்க்கரை பார்க்கும் சிகிச்சை நிலையமாகும்.