பஸ் பார்க்கப் போகலாம், வாருங்கள்!

லீவுக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் ஊட்டி என்கிறான். பெண் குற்றாலம் என்கிறாள். பாட்டிக்கு ராமேசுவரம். அந்தச் சமயத்தில் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எல்லாருமாக நாலு பஸ் டிப்போவைப் பார்த்துவிட்டு வரலாமே!" என்று சொன்னால் எப்படியிருக்கும்? அன்றைக்கு அவருக்கு மாலைக் காப்பி கிடைப்பதே சந்தேகந்தான்.

ஆனால், நேயர்களே, இங்கிலாந்தில் இதற்கென்றே மனிதர்கள் இருக்கிறார்கள். சொந்தப் பணத்தைக் கட்டி, ஹோட்டலில் இரண்டு இரவு தங்கி, சனியும் ஞாயிறும் பஸ் டிப்போக்களையும் டிராம் கொட்டகைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பரம திருப்தியுடன் ஊர் திரும்புகிறார்கள். இவர்களுக்குச் சங்கமும் உண்டு. 'ஆம்னிபஸ் சொசைட்டி' என்று பெயர். 1929-ல் தோன்றியது. பெரும்பாலும் பஸ் தொழிலிலேயே பழுத்த ஒரு பெரியவரைத் தலைவராகப் போட்டுக்கொள்வார்கள். தலைவர் பெயரால் ஒரு வார இறுதிச் சுற்றுலா நடக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். ரிடையரான வாத்தியார், குமாஸ்தா, என்ஜினீயர், எப்போதோ டிரைவராக இருந்தவர் என்று பலதரப்பட்டவர்கள். சிலருடன் மனைவிமாரும் வருவதுண்டு. அந்த அம்மாள்களின் பொறுமையைப் பற்றித் தனிக் கட்டுரைதான் எழுத வேண்டும்.

சனிக்கிழமை காலையில் புறப்படுகிற வண்டியே ஒரு பழைய பஸ்ஸாக இருந்துவிட்டால் பாதி ஆனந்தம் அதிலேயே வந்துவிடும். டிப்போ வாசலில் ஆளுக்கொரு மஞ்சள் சட்டையை மாட்டிவிட்டு, "குழிப் பக்கம் போகாதீர்கள்" என்று எச்சரித்து உள்ளே விடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது? பஸ்தான்! ஆனால் இவர்கள் பார்க்கிற விதமே வேறு. ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் வண்டி எண்களைக் குறித்துக்கொள்கிறார். இன்னொருவர் என்ஜின் சத்தத்தை, நாம் தோடி ராகம் கேட்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். படம் எடுப்பவர்கள் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி வரிசையாக நின்றுகொள்கிறார்கள். குறுக்கே யாராவது நடந்துவிட்டாலோ, அவ்வளவுதான், தொலைந்தார்!

வேடிக்கை ஒன்று கேளுங்கள். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர்கள் எழுதிய நீளமான சுருள் ஒன்று இருக்கும். உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருகினால் பெயர் மாறும். டிப்போக்காரரிடம் நயமாகப் பேசி, அந்தச் சுருளை யாரும் போகாத ஏதோ ஒரு மூலைக் கிராமத்தின் பெயர் வரும்வரை திருகச் சொல்வார்கள். அந்தப் பெயர் தெரிந்ததும் பத்துக் காமிராக்கள் ஒரே சமயத்தில் 'கிளிக்' என்னும். நிஜமாகவே அந்த ஊருக்கு பஸ் வேண்டி எவராவது காத்துக்கொண்டிருந்தால் அவர் பாடு பரிதாபம்!

"இதெல்லாம் சரி, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆல்டன்ஹாம் கதையைச் சொல்கிறேன்.

லண்டனுக்கு வடக்கே ஆல்டன்ஹாமில் ஒரு பிரும்மாண்டமான பஸ் பட்டறை இருந்தது. பாதாள ரயிலுக்காகக் கட்ட ஆரம்பித்த கட்டடம் அது. யுத்தம் வந்ததும் அங்கே குண்டு வீச்சு விமானங்களைச் செய்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு ரயில் யோசனை கைவிடப்படவே, அது பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது. 1956-ல் முழு அளவில் வேலை தொடங்கியது. அப்போது லண்டனில் ஆர்.டி. என்னும் குடும்பத்தைச் சேர்ந்த மாடி பஸ்கள் ஏறக்குறைய 7,000 இருந்தன. பழுது பார்க்க வரும் பஸ்ஸைச் சேஸிஸ் வேறு, பாடி வேறு என்று பிரித்துவிடுவார்கள். இரண்டு மாடிப் பாடியை அப்படியே பெரிய சட்டத்தில் பூட்டிப் பக்கவாட்டில் சாய்த்து அடிப்பாகத்தில் வேலை பார்ப்பார்கள்.

பாடியைவிடச் சேஸிஸ் சீக்கிரம் தயாராகிவிடும். அது ஏன் சும்மா காத்திருக்க வேண்டும்? தயாராயிருக்கிற வேறு ஒரு பாடியைத் தூக்கி அதன் மேல் வைத்துவிடுவார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதால் பொருந்திவிடும். லைசென்ஸ் நாட்களும் வீணாகக் கூடாதல்லவா? அதனால் உள்ளே வந்த பஸ்ஸின் எண்ணை, வேலை முடிந்து புறப்படத் தயாராக நிற்கும் இன்னொரு பஸ்ஸுக்குக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தைதான்! பிரயாணிக்கு ஒன்றும் தெரியாது. அதே எண், அதே சிவப்பு. ஆனால் அது அந்த பஸ்ஸே அல்ல.

எந்த எண் எந்த வருஷம் எந்தப் பாடியுடன் ஓடிற்று என்று விடாமல் குறித்து வைத்தவர்கள் இந்த நோட்டுப் புத்தக ஆசாமிகள். 1986-ல் ஆல்டன்ஹாம் மூடப்பட்டது. இன்று ஒரு பழைய பஸ்ஸை வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர் அதன் ஜாதகத்தைத் தேடி இவர்களிடந்தான் வர வேண்டியிருக்கிறது.

அதே 1986-ல் இன்னொன்றும் நடந்தது. லண்டனுக்கு வெளியே பஸ் தொழிலை யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்று சர்க்கார் திறந்துவிட்டது. தேசிய பஸ் கம்பெனியைத் துண்டு துண்டாக விற்றது. கம்பெனி கைமாறினால் முதலில் குப்பைக்குப் போவது எது? பழைய கணக்குப் புத்தகம், கால அட்டவணை, சுவரில் தொங்கிய படம். லாபம் தராத காகிதத்துக்கு எந்தப் புது முதலாளி அலமாரி வாங்குவார்? அந்த மாதிரிக் காகிதங்களைச் சேர்த்து வைக்க ஆம்னிபஸ் சொசைட்டி தனியாக ஒரு நூலகமும் ஆவணக் காப்பகமுமே வைத்திருக்கிறது. டிப்போ டிப்போவாகப் போய்ப் பழகிய முகங்களுக்குத்தான் இந்தக் காகிதம் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். தபாலில் எழுதிக் கேட்டால் யார் தருவார்கள்?

இத்தகைய சுற்றுலாக்காரர்கள் நாடிப் போகும் ஊர்களில் லங்காஷயரிலுள்ள லேலண்டும் ஒன்று. பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள் அல்லவா? அதே லேலண்ட்தான்! 1896-ல் ஒரு நீராவி வண்டியுடன் தொழில் அங்கே ஆரம்பமாயிற்று. 1948-ல் நம் நாட்டில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அந்தக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து அசோக் லேலண்ட் ஆயிற்று. தாய்வீட்டின் கதி என்ன தெரியுமா? லேலண்டின் பஸ் பிரிவை 1988-ல் ஸ்வீடன் தேசத்து வால்வோ வாங்கியது. சில வருஷங்களில் புது பஸ்களில் லேலண்ட் பெயரே மறைந்தது. ஊரில் இப்போது ஒரு மியூசியம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்கு அப்பால் பார்க்க வேண்டிய பெயரை நீங்கள் எண்ணூரிலும் கரூரிலும் ரோட்டில் பார்க்கலாம்! லண்டனில் ஓடி ஓய்ந்த ஆர்.டி. பஸ்களில் நூற்றுக்கணக்கானவை இலங்கைக்குக் கப்பலேறிக் கொழும்புத் தெருக்களில் இரண்டாவது ஆயுசு வாழ்ந்ததும் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது.

சனிக்கிழமை ராத்திரி விருந்தும் பிரசங்கமும். அதைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிடுவோம்.

டெர்பிஷயரில் கிரிச் என்ற கிராமம். கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் டிராம் மியூசியம் இருக்கிறது. அங்கே நிற்கும் 45-ஆம் எண் டிராமை அவசியம் பார்க்க வேண்டும். 1903-ல் சௌதாம்ப்டன் நகரத்துக்காகக் கட்டியது. அந்த ஊரின் பழைய கோட்டை வாசல் வளைவு மிகத் தாழ்வு. மாடி டிராம் அதற்குள் நுழைய வேண்டுமே! ஆகவே மேல் மாடிக்குக் கூரையே வைக்கவில்லை. நடுவில் நீளமாக ஒரு பெஞ்சி. பிரயாணிகள் முதுகோடு முதுகாக, சண்டை போட்டுக்கொண்ட மாமியார் மருமகள் மாதிரி, ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார வேண்டும். வளைவு வரும்போது எழுந்து நின்றால் தலைக்கு உத்தரவாதம் இல்லை.

சௌதாம்ப்டனில் டிராமை ஒழிப்பது என்று முடிவாகியிருந்தது. 1948 ஆகஸ்டில் சில அபிமானிகள், கடைசியாக ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுவோம் என்று சுற்றுலா வந்தார்கள். ஏறினார்கள், பார்த்தார்கள். இறங்க மனம் வரவில்லை. தாங்கள் ஏறிவந்த டிராமையே விலை பேசினார்கள். விலை 10 பவுன்! நிறுத்தி வைக்க இடம் கிடையாது. ஓட்டத் தண்டவாளம் கிடையாது. வீட்டில் என்ன சொன்னார்களோ, அது சரித்திரத்தில் இல்லை. 1949 கடைசி நாளுடன் சௌதாம்ப்டனில் டிராம் நின்றது. 45-க்கு மட்டும் சாவு வரவில்லை. டிராமைக் காக்க 1955-ல் சங்கம் பிறந்தது. 1959-ல் குவாரி கிடைத்தது. தண்டவாளம் தேடிக்கொண்டு வந்து தாங்களே போட்டார்கள். 1964-ல் அங்கே மின்சார டிராம் ஓடிற்று. இன்று அந்த மியூசியத்தில் டஜன் கணக்கில் டிராம்கள் இருக்கின்றன.

நீங்கள் போனால் வாசலில் உங்கள் கையில் ஒரு பழைய பென்னிக் காசைக் கொடுப்பார்கள். 1971-லேயே செல்லாக்காசாகிவிட்ட நாணயம் அது. பத்திரப்படுத்தி வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணிவிடாதீர்கள். டிராமில் ஏறியதும் கண்டக்டர் கையை நீட்டுவார். அதைக் கொடுத்துத்தான் டிக்கெட் வாங்க வேண்டும்.