விறகா, கரியா? நம்ம வீட்டு அடுப்பை அறிவோம்!



போன இதழில் இந்த இடத்துல வானவில் பற்றி எழுதியிருந்தாங்க. இந்தத் தடவை அவ்வளவு அழகான விஷயம் இல்லை. அடுப்பு! கரி, சாம்பல், புகை. ஆனா நீலகிரியில இருக்கிற நமக்கு மார்கழி, தை ரெண்டு மாசமும் அடுப்பு இல்லாம ஓடாது. பள்ளிக்கூடம் விட்டுப் போனதும் பையை எங்கே போட்டோம்னு கூடப் பார்க்காம அடுப்பு முன்னாடி போய் உட்கார்றவங்கதானே நாம எல்லாரும்?

எங்க வீட்டுல கேஸ் இருக்கு. ஆனாலும் செங்கல் வைத்துக் கட்டிய பழைய அடுப்பையும் விடவில்லை. அதுக்கு மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு. நடுவில் இரும்புக் கம்பித் தட்டு, அதுக்கு அடியில் சாம்பல் குழி. பின்பக்கம் கூரைக்கு மேலே போகிற புகைக்குழாய். (பக்கத்தில் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்க. குழாய் கொஞ்சம் கோணலா இருக்கு, மன்னிக்கவும். உண்மையிலும் அது கோணல்தான்!) சீகை விறகு, சில்வர் ஓக், கற்பூர மரம், தேயிலைக் கவாத்துக் குச்சி, அடுப்புக்கரி, கொட்டாங்குச்சி எது கிடைத்தாலும் அதில் எரியும். எரியும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எரிக்கலாம்னு நினைச்சுட்டோம். அதுதான் தப்பு.

<u>தை மாசத்து ராத்திரி</u>

உறைபனி விழுந்த ஒரு ராத்திரி. ஊரிலிருந்து அத்தை வந்திருந்ததால் அடுப்பு இருக்கிற அறையில் இடம் இல்லை. பாட்டியும் தம்பியும் உள் அறையில் படுத்தாங்க. பாட்டிக்குக் குளிர் தாங்காது. அதனால அடுப்பில் கனன்று கொண்டிருந்த கரியை ஓர் இரும்புச் சட்டியில் அள்ளி அந்த அறையில் வைத்தோம். புகையே இல்லை, நல்ல செக்கச்செவேல்னு கணப்பு. கதவுக்கு அடியில் குளிர்காற்று வருதுன்னு பாட்டி சொன்னதும், ஒரு பழைய துணியைச் சுருட்டி அந்த இடுக்கை அடைத்தது நான்தான்.

ரெண்டு மணி இருக்கும். தம்பி வாந்தி எடுக்கிற சத்தம். ராத்திரி சாப்பிட்ட குழம்பு ஒத்துக்கலைன்னு அம்மா நினைச்சாங்க. அவனைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போனதும் கொஞ்சம் தெளிஞ்சான். உள்ளே பாட்டி, "தலை வெடிக்குது, எந்திரிக்க முடியல"ன்னு முனகினாங்க. ஒரே அறையில் இருந்த ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை, வெளியே வந்தால் சரியாகுது. அப்பாவுக்கு அப்போதான் பொறி தட்டியது. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்துட்டு, சட்டியை வெளியே தூக்கிப் போட்டார். ஆஸ்பத்திரியில் பாட்டிக்கு ரொம்ப நேரம் ஆக்சிஜன் வைத்தாங்க. "இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா..."ன்னு டாக்டர் ஆரம்பிச்சு, என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டார்.

<u>புகை இல்லை, விஷம் உண்டு!</u>

அது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. புகை என்றால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்துவிடும். இது தெரியாது.

கரி குவியலில் என்ன நடக்குது? அடியில் காற்று படுகிற இடத்தில் கார்பன் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகுது. அது மேலே வரும்போது, சூடான கரி ஊடே நுழைந்து, அங்கே இன்னும் கொஞ்சம் கார்பனைச் சேர்த்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறிடுது. கரி மேல ஊதா நிறத்தில் சின்னச் சின்னச் சுடர் ஆடுவதைப் பார்த்திருப்பீங்க. அந்த வாயு மேலே வந்து எரிவதுதான் அது. சுடர் இருக்கும்வரை ஓரளவு எரிந்து தீருது. சாம்பல் மூடி, கணப்பு மங்கி, சுடர் அணைந்த பிறகு எரியாமலே அறைக்குள் வருது. "தணிஞ்சிடுச்சு, இனி பயமில்லை"ன்னு நாம நினைக்கிற அந்த நேரம்தான் ஆபத்தான நேரம்!

நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் சீட்டை ஒருத்தர் பிடித்துவிட்டால் அடுத்தவருக்கு இடம் ஏது? ஆக்சிஜன் நின்றுகொண்டே வர வேண்டியதுதான். அதனால் புகைக்குழாய் இல்லாத எந்த நெருப்பையும் தூங்குகிற அறைக்குள் வைக்கவே கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும்னு சிலர் சொல்றாங்க. போதாது. குளியலறைக்குள் வைத்திருக்கிற வெந்நீர் பாய்லருக்கும் இதே விதிதான். புகைக்குழாய் வெளியே போகாத பாய்லரை வெளியே வைத்து எரிச்சுட்டு, வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டு போங்க.

<u>விறகுக்கு மேலே காற்று, கரிக்குக் கீழே காற்று</u>

எங்க அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டிரையருக்கு விறகு போடுகிற வேலை பார்க்கிறார். இந்த விஷயத்தில் அவர்தான் எனக்கு வாத்தியார். அவர் சொன்னதை வேதியியல் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாத்தான் சொல்லியிருக்கார்.

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு ஏறியதும் அதிலிருந்து வாயுக்கள் வெளியே வரும். காய்ந்த விறகின் எடையில் முக்கால்வாசி இப்படி வாயுவாகத்தான் போகுது. சுடராக நாம் பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். ஆகவே விறகுக்கு வேண்டிய காற்று மேல் பக்கத்தில் கிடைக்கணும். எங்க அடுப்பில் விறகு நன்றாகப் பற்றிய பிறகு கீழ்க்கதவைப் பெரும்பாலும் மூடிவிட்டு மேல்கதவின் துளைகளைத் திறந்து வைப்போம். கம்பித் தட்டில் ஓர் அங்குலம் சாம்பல் கிடந்தாலும் விறகுக்கு நல்லதுதான், சூட்டைப் பிடித்து வைக்கும்.

கரி அப்படி இல்லை. அதில் இருந்த வாயு எல்லாம் முன்னாடியே போயிடுச்சு. அது இருந்த இடத்திலேயே எரியுது, காற்று அடியிலிருந்து வரணும். கம்பித் தட்டில் சாம்பல் அடைத்திருந்தால் கரி மூச்சுத் திணறும், அது திணறினால் நமக்கும் திணறல்தான். அதனால் விறகிலிருந்து கரிக்கு மாறுகிற அன்றைக்குத் தட்டைச் சுரண்டி, சாம்பல் குழியைக் காலி செய்யணும். இந்த ஒரு வேலையைத்தான் நாங்க வருஷக்கணக்கா செய்யாம இருந்தோம்.

புகைக்குழாயில் திருப்பி மூடுகிற தகடு உள்ளவர்கள் கவனிக்க. சூடு வீணாகுதுன்னு கரி கனன்றுகொண்டிருக்கும்போது அதை முழுசா மூடிடாதீங்க. அப்பா எங்க தகட்டில் ஒரு மூலையை வெட்டியே எடுத்துட்டார். இனி யார் மூடினாலும் அது முழுசா மூடாது!

<u>ஈர விறகு: ஒரு சின்னக் கணக்கு</u>

புதுசா வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 10 கிலோ பச்சை விறகு அடுப்பில் போட்டால் 5 கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கணும். ஒரு கிலோ தண்ணீருக்குச் சுமார் 2,600 கிலோ ஜூல் என்றால் 5 கிலோவுக்கு 13,000. ஒரு கிலோ காய்ந்த விறகு தருவது சுமார் 16,000. அப்படியானால் மீதி 5 கிலோ மரத்தில் முக்கால் கிலோவுக்கு மேல் தண்ணீருக்கே போயிடுது.

"அவ்வளவுதானா?"ன்னு எனக்கும் தோணிச்சு. ஆனா பெரிய நஷ்டம் வேறு இடத்தில். தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை நெருப்பின் சூடு ஏறாது. சூடு இல்லாமல் வாயு எரியாது. எரியாத வாயு புகையாகக் குழாய்க்குள் போய், குளிர்ந்து, கறுப்புத் தாராக ஒட்டிக்கொள்ளும். அந்தத் தார் நாளடைவில் தடிமனாகி ஒருநாள் தீப்பிடித்தால் குழாய்க்குள்ளேயே நெருப்பு சீறும். கூரை மரத்துக்குப் பரவ நேரம் ஆகாது.

அதனால மாசி, பங்குனியில் வெட்டிப் பிளந்துடணும். பிளக்காத கட்டை பட்டைக்குள்ளேயே ஈரத்தை வைத்திருக்கும். கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போட்டு, பக்கங்களைத் திறந்து விடணும். சுத்தி மூடினால் காயாது, காளான்தான் முளைக்கும். நம்ம ஊரில் ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. அதுக்கு முன்னாடி காய்ந்ததுதான் காய்ந்தது. சோதிப்பது சுலபம். ரெண்டு துண்டைத் தட்டிப் பாருங்க. "டக்"னு கேட்டால் காய்ந்தது, "தொப்"னு கேட்டால் ஈரம்.

<u>அடுப்பு சாப்பிடக் கூடாதவை</u>

பால் கவரைக் கொளுத்தி அடுப்பு பற்றவைக்கிறது நம்ம பக்கம் ரொம்ப வழக்கம். எங்க வீட்டுலயும் இருந்தது, நிறுத்திட்டோம். பிளாஸ்டிக், தெர்மாகோல், பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் வேண்டாம். பி.வி.சி. குழாய்த் துண்டு எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். லேபில் ஹைட்ரோகுளோரிக் அமிலப் பாட்டிலைத் திறந்ததும் எல்லாரும் ஓடினீங்களே, அதே வாயு! கற்பூர இலையில் எண்ணெய் இருப்பதால் குப்பென்று எரியும். நாலு இலை போதும், கூடையோடு கொட்டக் கூடாது.

மண்ணெண்ணெய் பற்றி ஒன்றே ஒன்று. அணைந்த மாதிரி இருக்கும் தணல் மேல் ஊற்றாதீங்க. முதலில் வெள்ளையா ஆவி கிளம்பும், ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். என்னன்னு குனிந்து பார்க்கும்போதுதான் பற்றும். அப்போ முகம் அங்கே இருக்கும்.

காலையில் அடுப்பு பற்றவைத்ததும் புகை வீட்டுக்குள்ளேயே திரும்புதா? குழாய் குளிர்ந்து கிடக்கு, அவ்வளவுதான். கதவுகளைத் திறந்து வைத்து, குழாய் வாயருகே ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்துங்க. குழாய் சூடானதும் புகை மேலே இழுக்கும்.

<u>குழாயும் சாம்பலும்</u>

புகையில்லா அடுப்பு புதுசு இல்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ்.பி.ராஜு 1950-களிலேயே அதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். மத்திய அரசும் 1980-களில் தொடங்கி 2002 வரை ஊர் ஊராக இந்த அடுப்புகளைக் கட்டிக் கொடுத்தது. நிறைய இடங்களில் கட்டியதோடு சரி. குழாய் அடைத்தது, மண் விரிசல் விட்டது, யாரும் சரி பார்க்கலை, பழையபடி புகை. வீட்டு அடுப்புப் புகையால் உலகத்தில் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கு. அந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறது நம்ம அம்மா, பாட்டி மாதிரி ஆட்கள்தான்.

குழாயை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது சுத்தம் செய்யணும். எங்க வீட்டுல மழைக்கு முன்னாடி ஒரு தடவை, பனிக்கு முன்னாடி ஒரு தடவை. அடுப்பு முழுசா ஆறிய பிறகு, மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொண்டு, நீளக் கழியில் கம்பித் தூரிகை கட்டிக் கீழிருந்தே தேய்ப்போம். கூரை மேல ஏறாதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் எடையைத் தாங்காது, உடைந்து உள்ளே விழுந்தவங்க உண்டு. குழாய் கூரையைத் தாண்டுகிற இடத்தில் மரச் சட்டத்துக்கும் இரும்புக் குழாய்க்கும் ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும். அடுக்கிய விறகு, துணி, கேஸ் சிலிண்டர் எதுவும் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

சாம்பல் ஆறிடுச்சுன்னு தொட்டுப் பார்த்து நம்பாதீங்க. உள்ளே ஒரு நாளைக்கு மேல்கூட தணல் உயிரோடு இருக்கும். மூடி உள்ள தகர டப்பாவில் போட்டு வெளியே, வெறும் தரையில் வையுங்க. சாக்கு, பிளாஸ்டிக் வாளி கூடாது. இன்னொன்று, சாம்பல் காரத்தன்மை உள்ளது. தேயிலைக்கு அமில மண்தான் பிடிக்கும். அதனால தேயிலைச் செடி அடியில் கொட்டாதீங்க. காய்கறிப் பாத்திக்குக் கொஞ்சமா தூவலாம்.

<u>நெருப்பு பட்டுவிட்டால்</u>

துப்பட்டா, சால்வை நுனியை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருங்க. நைலான் என்றால் உருகித் தோலில் ஒட்டிக்கும். துணி பற்றினால் ஓடாதீங்க, தரையில் படுத்து உருளுங்க. சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் பிடியுங்க. நம்ம ஊர்த் தண்ணீர் சில்லுனு இருக்கும்தான், இருந்தாலும் 20 நிமிஷம். ஐஸ், பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீங்க. பெரிய காயம், இல்லை யாராவது மயங்கிக் கிடந்தால் 108.

இப்போ பாட்டி அடுப்பு அறையிலேயே படுக்கிறாங்க. தூங்குறதுக்கு முன்னாடி, "குழாய்த் தகடு திறந்திருக்கா பார்த்தியா?"ன்னு தினமும் என்னைத்தான் கேப்பாங்க. மூலை வெட்டியிருக்கு பாட்டின்னு சொன்னாலும் விடமாட்டாங்க. எழுந்து போய்ப் பார்த்துட்டு வந்து படுப்பேன்.

(கேஸ் அடுப்பு ட்யூபை எப்போ மாற்றணும்னு அடுத்த இதழில் ஒன்பதாம் வகுப்பு நண்பர்கள் எழுதுறாங்க.)

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு