திறந்த கதவும் காவலும்

அதியன்னூர்ச் சிற்றூர்க் கடைகளிலும் இன்று கைப்பேசி வழியே பணம் கைமாறுகிறது. அக்கைப்பேசியில் எச்செயலி இடம்பெறலாம் என்பதை இயங்குதள நிறுவனம் மட்டுமே முடிவு செய்யலாமா?

ஆண்ட்ராய்டு சந்தையில் மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ₹1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அத்தொகையை உறுதி செய்தது. ஆயினும், பிற செயலி அங்காடிகளையும் பிளே ஸ்டோரில் அனுமதிக்க வேண்டும் என்பது உள்ளிட்ட நான்கு கட்டளைகளை நீக்கியது.

போட்டி பெருகினால் கட்டணம் குறையலாம், தேர்வும் விரியும். ஆகவே இத்தகைய தலையீட்டை நாம் வரவேற்கிறோம். ஆனால் கதவு திறந்தால் காவலும் வேண்டும். வங்கியின் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ கோப்பை நிறுவிச் சேமிப்பை இழந்தோர் பலர். செயலியை நமது வங்கியின் இணையதளம் காட்டும் இணைப்பிலிருந்தே பெறுங்கள். ஏமாற்றப்பட்டால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.