தேனீ வேடத்தில் ஒரு கொள்ளைக்காரன்

பள்ளித் தோட்டத்தில், குச்சி நுனியில் தேனீ போன்ற ஒன்று அமர்ந்திருக்கிறதா? அடிக்கக் கை ஓங்காதீர்கள்; இறக்கைகளை எண்ணுங்கள். தேனீக்கு நான்கு. இரண்டே இருந்தால் அது ஈ, கொசுவின் உறவு. (தேனீயின் இறக்கைகள் கொக்கிகளால் கோத்திருக்கும், நிதானமாக எண்ணுங்கள்!) முகத்தில் மீசை, கண்களுக்கு நடுவே பள்ளம் தெரிந்தால், அது கொள்ளைக்கார ஈ.

ஈக்களின் பின்னிறக்கைகள் குண்டூசி போன்ற சிறு உறுப்புகளாக மாறிவிட்டன. பறக்கும்போது சமநிலை காப்பவை அவைதாம். அவற்றின் துணையோடு இந்த ஈ பூச்சிகளை நடுவானில் மடக்கும். கூரிய வாயால் எச்சிலைச் செலுத்தும். அதிலுள்ள நஞ்சு இரையை முடக்க, நொதிகள் உள்ளுறுப்புகளைக் கரைக்கும். பிறகென்ன, உறிஞ்ச வேண்டியதுதான்! வெட்டுக்கிளி, குளவி, ஏன், தேனீகூடத் தப்பாது. மனிதரைத் தேடி வந்து கடிக்காது. கையில் பிடித்தால் குத்தும்.